ஏழு வருஷம் சும்மா விட்ட நிலம் ஏன் இன்னும் புல்லாகவே இருக்கிறது?

வெற்றுநிலம்:
வணக்கம். இத்தனை நாள் இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. எங்களிடம் அரை ஏக்கர் நிலம் ஒன்று இருக்கிறது, முன்பு வருஷா வருஷம் உழுது பயிர் வைத்த நிலம். ஏழு வருஷத்துக்கு முன் உழவை நிறுத்திவிட்டு, அப்படியே விட்டால் தானாகக் காடாகிவிடும் என்று நம்பி, யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொண்டேன். பள்ளியில் படித்த வழிமுறை வளர்ச்சிப் பாடம் மனதில் அப்படியே இருந்தது: வெறும் மண்ணில் முதலில் ஒரு பருவச் செடிகள் வரும், அப்புறம் பல வருஷம் வாழும் புற்கள், அப்புறம் புதர், அதன் பிறகு வெயில் கேட்கும் மரங்கள், கடைசியில் நிழலிலேயே முளைத்து வளரும் மரங்கள், அங்கே வந்து நின்றால் அதுதான் உச்சநிலைக் குழுமம். முதல் இரண்டு வருஷம் பாடம் சொன்னபடியே நடந்தது, குட்டிக் குட்டிச் செடிகள் எத்தனையோ விதமாக வந்தன. மூன்றாம் வருஷம் தர்ப்பைப்புல் வந்தது. இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது. அதற்குப் பிறகு வேறு எதுவுமே இல்லை, ஒரு புதர்கூட இல்லை. பாடம் தப்பா, இல்லை என் நிலத்தில்தான் ஏதாவது கோளாறா?

தாவரவியல்டீச்சர்:
இந்தப் பாடத்தைப் பதினெட்டு வருஷமாக நடத்துகிறேன், அதனால் முதலில் பாடத்தைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். அந்தப் படிக்கட்டுப் படம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

1899-இல் ஹென்றி கவுல்ஸ் அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிக்கரை மணல்மேடுகளைப் பற்றி எழுதினார். அந்த ஏரி ஆயிரக்கணக்கான வருஷங்களாகப் பின்வாங்கிக்கொண்டே வந்ததால், தண்ணீருக்கு அருகில் இருக்கும் மேடு புதியது, உள்ளே போகப் போக மேடுகளுக்கு வயது கூடும். கரையிலிருந்து நடந்தால் முதலில் மணலைப் பிடிக்கும் புல், அப்புறம் காட்டன்வுட் மரம், பைன், ஓக் என்று மாறிக்கொண்டே போகும். அவர் நடந்தது தூரத்தை, ஆனால் படித்தது காலத்தை. அற்புதமான யோசனை, எனக்கு இன்றைக்கும் அதைச் சொல்லும்போது சந்தோஷமாக இருக்கும். ஆனால் அதற்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது பாருங்கள்: இன்றைய பழைய மேடு, தன் இளமையில் இன்றைய புதிய மேடு மாதிரியேதான் இருந்தது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அதை யாரும் நின்று பார்க்கவில்லை.

1916-இல் ஃபிரெடரிக் கிளமென்ட்ஸ் இதை ஒரு பெரிய கோட்பாடாகக் கட்டினார். ஒரு தாவரக் குழுமம் ஓர் உயிரினம் மாதிரி பிறந்து வளர்ந்து முதிர்கிறது, அந்தப் பகுதியின் தட்பவெப்பம் எதுவோ அதற்கேற்ற ஒரே ஒரு உச்சநிலைதான் முடிவு என்றார். நம் பாடப்புத்தகங்களின் முதுகெலும்பு இன்னும் அதுதான். கவுல்ஸ் அவ்வளவு உறுதியாகப் பேசவே இல்லை. மாறிக்கொண்டே இருக்கும் ஒன்று, மாறிக்கொண்டே இருக்கும் இன்னொன்றை நோக்கிப் போகிறது என்ற பொருளில் 1901-லேயே எழுதிவிட்டார். 1926-இல் ஹென்றி கிளீசன், குழுமம் ஓர் உயிரினம் எல்லாம் இல்லை, ஒவ்வொரு இனமும் தன்னால் வர முடிந்த இடத்துக்குத் தானாக வந்து சேருகிறது, அந்தச் சேர்க்கைக்குத்தான் நாம் பெயர் வைக்கிறோம் என்று எழுதினார். அப்போது அவர் பேச்சைக் கேட்டவர்கள் குறைவு.

கல்மேல்பாசி:
டீச்சர் சொன்னது சரி. வெற்றுநிலம், உங்களிடம் மூன்று விஷயம் கேட்க வேண்டும். இந்த ஏழு வருஷத்தில் அங்கே தீ பிடித்ததா? பக்கத்தில் விதை தரக்கூடிய பெரிய மரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? ஆடு மாடு உள்ளே வருகிறதா?

வெற்றுநிலம்:
ஆடு மாடு வராது, வேலி இருக்கிறது. தீ இரண்டு தடவை வந்தது, இரண்டும் கோடையில், பக்கத்து நிலத்திலிருந்து பரவியது. ஆனால் மழை வந்ததும் புல் முன்பைவிட அடர்த்தியாக வந்துவிட்டது, அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மரம் என்று பார்த்தால் சுற்றிலும் வயல்தான். ஒரு கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் நான்கைந்து பெரிய மரம் இருக்கும்.

கல்மேல்பாசி:
அப்படியென்றால் உங்கள் நிலத்தில் எந்தக் கோளாறும் இல்லை, அந்த இடத்தில் நடக்க வேண்டியதுதான் நடந்திருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1977-இல் ஜோசப் கானெல், ரால்ஃப் ஸ்லாட்டியர் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். முதலில் வந்த இனம் அடுத்து வருகிற இனத்தை என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. உதவலாம், அதாவது மண்ணைப் பதப்படுத்தி, நிழல் கொடுத்து வழி திறக்கலாம். அல்லது உதவவும் மாட்டாது தடுக்கவும் மாட்டாது, பின்னால் வருபவை குறைந்த வெளிச்சத்தையும் குறைந்த சத்தையும் பொறுத்துக்கொண்டு மெதுவாக மேலே வந்துவிடும். மூன்றாவது, முதலில் பிடித்தவன் இடத்தை விடவே மாட்டான், அவன் செத்தாலோ அடிபட்டாலோதான் மற்றவனுக்கு இடம். பாடப்புத்தகம் முதலாவதை மட்டும் சொல்கிறது. உங்கள் நிலத்தில் நடப்பது மூன்றாவது.

அதைச் சோதனை செய்து காட்டியவர்களும் உண்டு. கலிபோர்னியா கடற்கரையில் அலை அடிக்கும் இடத்துப் பாறாங்கற்களில் வெய்ன் சூசா என்பவர் 1970-களில் வேலை செய்தார். சுத்தமான கல்லில் முதலில் உல்வா என்ற பச்சைப் பாசி படர்கிறது, பல மாதம் கழித்துச் சிவப்புப் பாசிகள் வருகின்றன. பச்சை வழி அமைத்துக் கொடுத்ததால்தான் சிவப்பு வந்தது என்று பார்ப்பவருக்குத் தோன்றும். அவர் பச்சைப் பாசியைக் கையால் நீக்கிப் பார்த்தார், சிவப்பு இன்னும் சீக்கிரம் வந்தது. பச்சை தடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நண்டுகள் பச்சையைத் தேர்ந்தெடுத்துத் தின்பதால்தான் அந்தத் தடை உடைகிறது.

இப்போது தர்ப்பைக்கு வருவோம். அதன் உயிர் மண்ணுக்குக் கீழே கிழங்குத்தண்டில் இருக்கிறது. தீ வந்தால் மேலே இருக்கும் காய்ந்த தாள் போகும், கீழே ஒன்றும் ஆகாது, ஒரு மழையில் திரும்பி வந்துவிடும். அதே தீயில் ஒரு வயது மரக்கன்று செத்துப்போகும். அப்புறம் அந்தப் புல்லே அடுத்த தீக்கு எரிபொருள். புல் தீயைக் கூப்பிடுகிறது, தீ புல்லைக் காப்பாற்றுகிறது. வெப்ப மண்டலம் முழுக்க, குறிப்பாகத் தென்கிழக்கு ஆசியாவில், காடு வெட்டிய இடங்கள் இப்படித்தான் பல பத்தாண்டுகள் புல்லாகவே நின்றுவிட்டன. நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாத அந்த இரண்டு தீயும்தான் கடிகாரத்தைத் திரும்பத் திரும்பப் பின்னால் தள்ளியிருக்கின்றன.

நத்தை:
அப்போ முன்னோடிகள் மண்ணைத் தயார் செய்கின்றன என்பது பொய்யா? அலாஸ்காவில் பனியாறு விலகிய இடத்தில் ஆல்டர் என்ற புதர் வந்து நைட்ரஜன் சேர்த்ததால்தான் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் வந்தது என்று படித்திருக்கிறேனே.

சாம்பல்காடு:
பொய் இல்லை. ஆனால் அந்தக் கதையே இப்போது முன்பு சொன்ன மாதிரி எளிமையாக இல்லை, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

அலாஸ்காவின் அந்த இடம் கிளேசியர் பே என்ற விரிகுடா. அங்கே 1700-களின் பிற்பகுதியிலிருந்து பனி நூறு கிலோமீட்டர் அளவு பின்வாங்கியிருக்கிறது. வில்லியம் கூப்பர் 1916-இல் அங்கே போய் ஒரு சதுர மீட்டர் கட்டங்களை நிரந்தரமாகக் குறித்து வைத்தார், பல வருஷம் திரும்பத் திரும்ப வந்து எண்ணினார். பனி விட்ட கல்லில் கறுப்பு மேலோடு, டிரயாஸ் என்ற பாய் மாதிரிப் படரும் செடி, அப்புறம் ஆல்டர் புதர், அப்புறம் ஸ்ப்ரூஸ் காடு. ஆல்டர் வேர் முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது, அது அளந்து பார்த்த உண்மை. 1994-இல் வந்த ஆய்வில் விதை விதைத்தும் நாற்று நட்டும் சோதித்தார்கள். ஆல்டர் மண்ணுக்குச் சத்துத் தருகிறது, அதே ஆல்டர் நிழலாலும் வேர்ப் போட்டியாலும் ஸ்ப்ரூஸ் கன்றை நெருக்கவும் செய்கிறது. உதவியும் தடையும் ஒரே செடியிடம்.

அடுத்த வருஷமே, 1995-இல், கிறிஸ்டோபர் ஃபாஸ்டி அங்கே மர வளையங்களை எண்ணினார். பனி முதலில் விட்ட இடங்களில், அதாவது விரிகுடாவின் வாய்ப்பக்கம், ஸ்ப்ரூஸ் ஆரம்பத்திலேயே வந்து காடாகிவிட்டது. நீண்ட காலம் ஆல்டர் புதராக இருந்த அடையாளமே அங்கே இல்லை. பின்னால் பனி விட்ட இடங்களில்தான் ஆல்டர் மூடியது. கிட்டத்தட்ட ஒரே கணக்காகப் படித்த இடங்கள் வேறு வேறு பாதையில் வந்தவை என்று தெரிந்துபோனது. காரணத்தில் பெரும்பங்கு, பனி விலகியபோது விதை தரும் ஸ்ப்ரூஸ் எவ்வளவு அருகில் நின்றது என்பது. டீச்சர் சொன்ன அந்த ஒளிந்திருக்கும் அனுமானம் இங்கேதான் மாட்டிக்கொண்டது.

வெற்றுநிலம்:
விதை மரம் எவ்வளவு தூரம் என்று பாசி அண்ணன் ஏன் கேட்டார் என்று இப்போதுதான் புரிகிறது.

விதைப்பை:
பெரிய விஷயம் பேசுகிறவர்கள் நடுவில் ஒரு சின்னத் தகவல். இந்தோனேசியாவின் கிராக்கடாவ் எரிமலைத் தீவு 1883 ஆகஸ்டில் வெடித்து, மிஞ்சிய பகுதி சூடான சாம்பலுக்கு அடியில் போய்விட்டது. ஒன்பது மாதம் கழித்துப் போனவர்கள் கண்டது ஒரே ஒரு சின்னச் சிலந்தி. 1886-இல் தாவரவியலாளர் டிரயூப் போனபோது சாம்பல் மேல் நீலப்பச்சைப் பாசிப் படலமும் பெரணிகளும் இருந்தன. 1897-இல் உயரமான புல்வெளி. 1920-களில் உள்பகுதி மரங்களால் மூடிவிட்டது. பெரணி வித்து காற்றில் வந்தது, கரையோரச் செடிகளின் விதை கடலில் மிதந்து வந்தது, அத்தி மாதிரி பழ மரங்களைப் பறவையும் வௌவாலும் வயிற்றில் கொண்டுவந்தன. நடுவில் கடலே இருந்தும் அவ்வளவு வேகம். அங்கே பக்கத்துத் தீவுகளில் காடு இருந்தது, வருஷா வருஷம் தீ வைக்க ஆளும் இல்லை.

சாம்பல்காடு:
எது வந்து சேர்ந்தது என்பதைப் போலவே எது சாகாமல் மிஞ்சியது என்பதும் முக்கியம். அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை 1980 மே 18 அன்று வெடித்தது. காலை நேரம், மலைமேல் இன்னும் பனி கிடந்தது. அந்தப் பனிக்கு அடியில் புதைந்திருந்த மரக்கன்றுகள் பல இடங்களில் தப்பித்தன, மேலே நின்ற பெரிய மரங்கள் எல்லாம் செத்துக் கிடந்தபோது. வளைக்குள் இருந்த கோஃபர் எலிகளும் தப்பித்தன. அவை மண்ணைத் தோண்டித் தோண்டிப் பழைய மண்ணைச் சாம்பலுக்கு மேலே கொண்டுவந்து போட்டன, அந்த மண்ணில் விதையும் இருந்தது, பூஞ்சையும் இருந்தது. அதே வெடிப்பு வெயில் காலத்தில் நடந்திருந்தால் இன்றைய காடு வேறு மாதிரி இருக்கும். எல்லாம் அழிந்து வெறும் நுரைக்கல் சமவெளியான இடத்தில் முதலில் வேர்விட்டது ஒரு குட்டை லூப்பின் செடி, அதுவும் நைட்ரஜன் பிடிக்கிற செடிதான். அது பரவுவதை அந்துப்பூச்சிகளின் புழுக்கள் தின்று தின்று பல வருஷம் இழுத்தடித்தன. செடியை மட்டும் பார்த்தால் இந்தக் கணக்கு வராது.

உழுத நிலத்தில் இந்த மிச்சம் ரொம்பக் குறைவு, வெற்றுநிலம். வருஷக்கணக்கில் உழுதால் பழைய மரங்களின் வேர்க்கட்டைகூட மண்ணில் இருக்காது. காடு வெட்டி உடனே விட்ட நிலம் வேர்க்கட்டையிலிருந்தே துளிர்த்து எழுந்துவிடும், உங்களுடையது எல்லாவற்றையும் வெளியிலிருந்து வாங்க வேண்டும்.

பசும்புல்:
எல்லாரும் ஒன்றை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள், எனக்கு வருத்தமாக இருக்கிறது. புல் என்றால் அது பாதியில் நின்ற காடு என்றே ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? உலகத்தில் வெப்ப மண்டலப் புல்வெளிகள் பல லட்சம் வருஷப் பழமையானவை, மனிதன் காடு வெட்டத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே இருந்தவை. தீயும் மேய்ச்சலும் அவற்றுக்குக் கோளாறு இல்லை, மழை மாதிரி அவையும் அந்த இடத்தின் இயல்பு. கிளமென்ட்ஸ் சொன்ன ஒரே உச்சநிலை என்ற எண்ணத்தால்தான் நல்ல புல்வெளிகளைத் தரிசு என்று பெயரிட்டு மரம் நட்டுக் கெடுத்தார்கள், இன்னும் கெடுக்கிறார்கள். அங்கே வாழும் பறவையும் பூச்சியும் மர நிழலில் வாழாது.

வெற்றுநிலம்:
நீங்கள் சொல்வது நியாயமாகப் படுகிறது. என் நிலம் எந்த வகை என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

பசும்புல்:
பழைய புல்வெளியில் ஒரே புல் இருக்காது. மழைக்குப் பின் குனிந்து பாருங்கள், ஒரு சதுர மீட்டருக்குள் பல வகைப் புல், அதற்கு நடுவே மண்ணுக்குள் கிழங்கும் தடித்த வேரும் வைத்திருக்கும் பூச்செடிகள், தீக்குப் பின் முதலில் பூக்கிறவை அவைதான். அவை மெதுவாகச் சேர்பவை, ஒரு தடவை உழுதால் போய்விடும், பல பத்தாண்டு கழித்தும் திரும்பி வருவது கஷ்டம். நீங்கள் சொல்கிற மாதிரி உழுத நிலத்தில் ஒரே தர்ப்பை மட்டும் நின்றால் அது பழைய புல்வெளி இல்லை. அங்கே மரம் வருவதில் எனக்கு மறுப்பு இல்லை. கேட்டுவிட்டுச் செய்கிறீர்களே, அதுவே சந்தோஷம்.

கல்மேல்பாசி:
பசும்புல் சொன்னதை முழுசாக ஏற்றுக்கொள்கிறேன், நான் முதலிலேயே அதைக் கேட்டிருக்க வேண்டும்.

பன்னிரண்டாம்வகுப்பு:
இதையெல்லாம் படித்துவிட்டு எனக்கு ஒரு சந்தேகம் டீச்சர். உச்சநிலைக் குழுமம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? பரீட்சையில் என்ன எழுதுவது?

தாவரவியல்டீச்சர்:
பரீட்சையில் புத்தகத்தில் இருப்பதை எழுதும்மா, மார்க் அதற்குத்தான். ஆனால் இதையும் மனதில் வைத்துக்கொள். நூறு, இருநூறு வருஷக் கணக்கில் பார்த்தால் சில காடுகள் பெரிதாக மாறாமல் நிற்கும், அதை உச்சநிலை என்று சொல்வதில் தப்பில்லை. லட்சக்கணக்கான வருஷம் என்று பார்த்தால் அதுவும் நிற்பதில்லை.

ஹவாய்த் தீவுகள் எரிமலையால் வரிசையாகப் பிறந்தவை, ஒரு முனையில் சில நூறு வருஷப் பாறை, மறுமுனையில் நாற்பது லட்சம் வருஷப் பாறை. இளம் மண்ணில் நைட்ரஜன் பஞ்சம், ஏனென்றால் எரிமலைப் பாறையில் நைட்ரஜன் கிடையாது, காற்றிலிருந்துதான் சேர வேண்டும். பாஸ்பரஸ் நேர்மாறு. அது பாறையிலிருந்து வருவது, மழை கழுவக் கழுவக் குறைந்துகொண்டே போகும், மிஞ்சியதும் செடி எடுக்க முடியாத வடிவத்தில் மண்ணில் ஒட்டிக்கொள்ளும். அதனால் மிகப் பழைய மண்ணில் பாஸ்பரஸ் பஞ்சம். ஆசியக் கண்டத்திலிருந்து பசிபிக்கைத் தாண்டி வரும் தூசிதான் அந்தப் பழைய காட்டுக்குப் பாஸ்பரஸ் கொடுத்துக் காப்பாற்றுகிறது என்று 1999-இல் கண்டுபிடித்தார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆஸ்திரேலியாவின் கூலூலா மணல்மேடுகளில் இன்னும் தெளிவாகத் தெரியும், நடுவயது மேடுகளில் உயர்ந்த காடு, மிகப் பழைய மேடுகளில் குட்டையான புதர். பெரிய தீயோ வெள்ளமோ வந்து அழிக்கவில்லை, மண் கிழடாகிவிட்டது.

நத்தை:
புதரிலிருந்து காடு என்றுதான் படித்திருக்கிறோம், காட்டிலிருந்து புதர் என்று ஒரு வரிகூடப் படித்ததில்லை.

வெற்றுநிலம்:
சரி, இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? நடுவதா, காத்திருப்பதா?

விதைப்பை:
முதல் வேலை தீயை நிறுத்துவது. கோடைக்கு முன் சுற்றிலும் சில மீட்டர் அகலத்துக்குப் புல்லைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள். இது இல்லாமல் மற்ற எதைச் செய்தாலும் வீண்.

அடுத்து, நட ஓடாதீர்கள், முதலில் புல்லுக்குள் இறங்கித் தேடுங்கள். இடுப்பு உயரப் புல்லுக்குள் முழங்கால் உயர மரக்கன்று இருந்தால் வெளியிலிருந்து தெரியாது. கிடைக்கிற ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, அதைச் சுற்றிப் புல்லைப் பலகை வைத்து மிதித்துச் சாய்த்துவிடுங்கள். வெட்டினால் உடனே துளிர்க்கும், சாய்த்தால் கீழே இருப்பது நிழலில் வாடும், தீ பிடித்தாலும் சுடர் உயராது. பிலிப்பைன்ஸில் இதே தர்ப்பைக்கு எதிராக இப்படித்தான் செய்கிறார்கள்.

அப்புறம் பறவை உட்கார இடம். வெட்டவெளியில் பறவை நிற்காமல் பறந்துபோய்விடும், உட்கார்ந்தால்தான் எச்சத்தில் விதை விழும். கிளையுள்ள காய்ந்த கம்புகளை நட்டால்கூடப் போதும். ஆனால் விதை விழுந்துவிட்டால் மரமாகிவிடாது, புல்லுக்குள் விழுகிற விதை முளைத்தும் சாகும். அதனால் கம்புக்கு அடியில் புல்லைச் சாய்த்தே வைத்திருங்கள்.

நடுவதென்றால் கொஞ்சமாக, கூட்டமாக நடுங்கள். சீக்கிரம் வளர்ந்து அகலமாக நிழல் தருகிற, சின்ன வயதிலேயே பழம் தருகிற உள்ளூர் இனங்கள். நிழல் விழுந்தால் தர்ப்பை தானாகத் தோற்கும், அதற்கு வெயில் வேண்டும். பழம் இருந்தால் பறவை வரும், மீதி விதையை அது கொண்டுவரும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1980-களில் தொடங்கிய முறை இது, பிறகு தாய்லாந்தில் நிறையச் செய்து பார்த்தார்கள்.

சாம்பல்காடு:
காலக்கணக்கும் தெரிந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் ஐந்தாம் வருஷம் மனது விட்டுப்போகும். லத்தீன் அமெரிக்காவிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் கைவிட்ட நிலங்களில் தானாக வளர்ந்த வெப்ப மண்டலக் காடுகளை ஒப்பிட்டு 2021-இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. மண் பத்து வருஷத்துக்குள் பெரும்பாலும் மீண்டுவிடுகிறது. எத்தனை இனம் என்ற எண்ணிக்கை மீள 25 முதல் 60 வருஷம் வரை. ஆனால் பழைய காட்டில் இருந்த அதே இனங்கள், மரங்களின் அதே மொத்த எடை என்று பார்த்தால் 120 வருஷத்துக்கு மேல். அதுவும் தீயில்லாமல், விதை மரம் பக்கத்தில் இருக்கிற நிலங்களில்.

வெற்றுநிலம்:
120 வருஷம் என்று படித்ததும் ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பரவாயில்லை, மண் என் கண் முன்னாலேயே மீண்டுவிடும் என்பதே போதும்.

இன்று காலை நீங்கள் சொன்னபடி புல்லுக்குள் இறங்கித் தேடினேன். இரண்டு மணி நேரத்தில் ஒன்பது கன்று கிடைத்தது. ஆறு வேப்பங்கன்று, எல்லாம் வேலிக் கம்புக்கு அடியில், பறவை உட்காரும் இடம் அதுதான் போல. இரண்டு என்ன மரம் என்று தெரியவில்லை, படம் போடுகிறேன். ஒன்று கருகிய அடித்தண்டிலிருந்து திரும்பத் துளிர்த்திருக்கிறது, போன தீக்குத் தப்பித்திருக்க வேண்டும். எதுவுமே இல்லை என்று நான்கு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கல்மேல்பாசி:
அந்தக் கருகிய கன்றை முதலில் கவனியுங்கள். அதன் வேருக்கு அதன் உயரத்தைவிட வயது அதிகம், நிழலும் போட்டியும் குறைந்தால் மற்றதையெல்லாம் முந்திக்கொண்டு எழும்.

இன்னொன்று, நான்கு மூலையில் நான்கு கல் நட்டு, ஒரு சதுர மீட்டர் கட்டம் ஒன்றாவது குறித்து, இன்றைக்கே எண்ணி எழுதி வையுங்கள், ஒரே இடத்தில் நின்று ஒரே திசையில் படமும் எடுத்து வையுங்கள். கூப்பர் 1916-இல் குறித்த கட்டங்களை நூறு வருஷம் கழித்து 2016-இல் அவருடைய பழைய குறிப்புகளை வைத்துத் தேடிக் கண்டுபிடித்தார்கள். கல் ஆழமாக இருக்கட்டும், தீயிலும் உழவிலும் நகராத மாதிரி.

வெற்றுநிலம்:
கல் நாளைக்கே போட்டுவிடுகிறேன். அந்த இரண்டு கன்றின் படம் கீழே, இலை எதிரெதிராக இருக்கிறது, கிள்ளினால் பால் வரவில்லை. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.